இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே

எங்கள் வீட்டில் சீனி வாங்குவதில்லை. கணவருக்கு நீரிழிவு என்று தெரிந்ததோடு சீனிப் போத்தல் குசினியை விட்டுப் போய்விட்டது. விருந்தாளிகளுக்காக மட்டும் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் ஒளித்து வைத்திருந்தேன். இதைக் கேட்கிறவர்கள், மனிதர் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்திருக்கிறார் என்று நினைப்பார்கள். பொறுங்கள். அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு கடதாசிச் சுருள் இருக்கும். அதற்குள் பனங்கட்டி. வெறும் தேநீரில் ஒரு மிடறு, பனங்கட்டியில் ஒரு கடி.

"இது மருந்தெல்லோ. சீனிதான் கூடாது," என்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் குடியேறிய எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது ஒரு மதம். பனையிலிருந்து வருவது எதுவும் கெடுதல் செய்யாது. நீரிழிவுக் குளிசை வாங்கிய கையோடு பக்கத்துக் கடையில் ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டானையும் வாங்கிக்கொண்டு போகிறவர்களை வெள்ளவத்தையில் நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். அடுத்த கிழமை அவர்களுடைய இரத்தம் என்னிடம்தான் வரும். நான் வேலை செய்வது ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில். என் கணவரின் இரத்தமும் அங்கேதான் வந்தது.

பரிசோதனைக்கு முந்திய கிழமை அவரைப் பார்க்க வேண்டும். பாகற்காய், குரக்கன் பிட்டு, கடற்கரையில் நடை. கடதாசிச் சுருளைக் காணக் கிடைக்காது. சோதனைக்கு முதல் நாள் மட்டும் புத்தகம் திறக்கும் பிள்ளையின் படிப்பு. வெறும் வயிற்றில் எடுக்கும் சோதனையில் நல்ல பிள்ளையாகத் தப்பியும் விடுவார். ஆனால் இன்னொரு சோதனை இருக்கிறது. அது முந்திய மூன்று மாதத்துக் கதையையும் சொல்லிவிடும். இரத்தத்தில் ஓடும் சீனி, சிவப்பணுவுக்குள் இருக்கும் புரதத்தில் தானாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. யாரும் ஒட்டிவிட வேண்டியதில்லை. சீனியும் புரதமும் காலமும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். ஒட்டியது அந்த அணு சாகும் வரை ஒட்டியபடியே இருக்கும். அதை எண்ணிப் பார்க்கிற இயந்திரத்தின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறீர்கள் என்று அவரிடம் சொல்வேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்குக் கோபம் பாதியாகிவிடும். அதை முழுசாக வைத்திருந்திருக்க வேண்டும்.

அவர் துறைமுகத்துச் சரக்குகளை விடுவித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தார். சுங்கத்தில் கடதாசி முடித்து, ஒருகொடவத்தை யார்டில் நின்று, கொண்டெய்னரை லொறியில் ஏற்றி அனுப்பும் வரை ஓட்டம்தான். போகிற இடமெல்லாம் சிங்களத்தில் "அய்யே", அண்ணா, என்று கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார்கள். சீனி வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து பனங்கட்டியை எடுப்பார். கூட இருப்பவர்களுக்கும் உடைத்துக் கொடுப்பார். அந்த யார்டில் சிங்களப் பையன்கள் பலர் பனங்கட்டி சாப்பிடப் பழகியது இவரால்தான்.

மகளுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். வெள்ளை வேட்டியும் திருநீறுமாக வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நெஞ்சுக்கு நேரே கைகளைக் கூப்பி, தலை குனிந்து வணக்கம் சொன்னார். என் கணவரும் கூப்பினார். வடை, கேசரி, கோப்பி எல்லாம் நடந்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. எல்லாம் சரியென்றுதான் நினைத்தோம்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் தொலைபேசி எடுத்தார். குரலில் ஒரு இழுவை.

"அவையளுக்குப் பிள்ளையில ஒரு குறையும் இல்லை, அக்கா. தகப்பன்தான் கொஞ்சம் பெருமைக்காரன் போல கிடக்கெண்டு நினைக்கினம். பெரியவர் ஒழுங்காக் கும்பிட, இவர் மனமில்லாமல் விரல் நுனியை மட்டும் தொட்டுக் காட்டினவராம்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கும்பிட்ட கையில் குறை கண்டுபிடித்துச் சம்பந்தத்தை முறிக்கும் கூட்டத்துக்கு என் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன் என்று கத்தினேன். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மட்டும் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு ஏதோ தட்டியது.

"இஞ்சாருங்கோ, ஒருக்காக் கும்பிடுங்கோ பாப்பம்."

கூப்பினார். விரல் நுனிகள் தொட்டன. உள்ளங்கைகள் தொடவில்லை. இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு தேசிக்காயை, எலுமிச்சம்பழத்தை, வைக்கலாம் போல இடைவெளி. அதற்கூடாக அவருடைய சட்டைப் பொத்தான் தெரிந்தது.

"இன்னும் கொஞ்சம் சேருங்கோ."

"இதுக்கு மேல ஏலாது," என்றார். "கொஞ்ச நாளா இப்படித்தான். நான் வயசெண்டு விட்டிட்டன்."

ஒரே வீட்டில், ஒரே சுவாமித் தட்டுக்கு முன்னால் பக்கத்தில் நின்று கும்பிட்டவர்கள் நாங்கள். கும்பிடும்போது கண்ணை மூடுவது எவ்வளவு பிழையான பழக்கம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

டொக்டர் ஒரு முஸ்லிம் பெண்மணி, நீரிழிவு பார்ப்பவர். அவர் ஊசியும் எடுக்கவில்லை, இயந்திரமும் வைக்கவில்லை.

"ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடுற மாதிரி வைங்க, பாப்பம்," என்றார்.

"டொக்டரைக் கும்பிடத்தானே வந்தனாங்கள்," என்றார் இவர். டொக்டர் சிரித்துக்கொண்டே அந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நீண்டகால நீரிழிவுக்காரருக்கு வருவதுதான், இதைக் கண்டுபிடிக்க இந்தக் கும்பிடுதான் சோதனை என்றார். கைக்கு இப்படியென்றால் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்களையும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். இதயத்தையும் கண்ணையும் சோதிக்கச் சீட்டு எழுதித் தந்தார். என் கணவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை.

"கலியாணத்துக்கு முதல் கை சேருமோ, டொக்டர்?" என்று கேட்டார்.

அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டுக்கு நானே தொலைபேசி எடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டேன். பெரியவர் வெட்கப்பட்டு, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். சம்பந்தமும் பொருந்தியது. ஆனால் என் கணவருக்கு அது போதவில்லை. பெண்ணைப் பெற்றவன் மண்டப வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கைகூப்பி வரவேற்க வேண்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் நீரிழிவு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? தன் மகளுக்காக ஒரு நாள், முழுசாகக் கும்பிட வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்றார்.

டொக்டரிடமிருந்து வந்த பின்னேரம் கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியில் ஒரு கடையில் அப்பம் சாப்பிட்டோம். ஓரம் நல்ல சிவப்பு. அதை உடைத்து அவரிடம் காட்டினேன்.

"இதுதான் உங்கட கையில நடந்திருக்குது."

"அப்பமோ?"

"சிரியாதேங்கோ. மாவில இருக்கிற புரதத்தில சீனி ஒட்டிச் சூட்டில சிவக்குது. இதுக்கு ரெண்டு நிமிசம். உடம்புச் சூட்டில இருபது முப்பது வருசம். ஒட்டின சீனி பிறகு விரலில இருக்கிற புரத நாரில ஒண்டை மற்றதோட சேர்த்துக் கட்டிப்போடும். கட்டின நார் வளையாது, நீளாது."

நீரிழிவு இல்லாதவர்களுக்கும் இது நடக்கும், மெதுவாக நடக்கும் என்றும் சொன்னேன். புரதங்கள் சும்மா இருக்கும்போதே, காலம் போகப் போகத் தாமாகவே கோணிப்போகின்றன. வயது போவதில் ஒரு பங்கு அதுதான். அவர் அப்பத்தின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திருத்த ஏலாதோ?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக இருந்தேன். வேலை இடைவேளைகளில் தொலைபேசியில் வாசித்ததெல்லாம் தலைக்குள் கிடந்தது. கோணிய புரதத்தைத் திரும்ப நிமிர்த்தும் வேலையாள் ஒன்று எங்கள் செல்களுக்குள் இருக்கிறது. ஒட்டிய சீனியைக் கழற்றி விடுகிற வேலையாள் இன்னொன்றும் இருக்கிறது. உடம்பு தன்னைத்தானே திருத்தப் பார்க்கிறது என்பதை முதலில் வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. மிச்சத்தை மெதுவாகத்தான் சொன்னேன். அந்த வேலையாட்கள் செல்லுக்குள்ளேயே இருப்பவர்கள். விரல் நார்கள் செல்லுக்கு வெளியே கிடக்கின்றன. சீனி புதிதாக ஒட்டியிருக்கும்போது கழற்றலாம். கட்டாகிப் போனதை அவிழ்க்கத் தெரியாது. அவிழ்க்கும் மருந்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை.

"தேடுறாங்கள்தானே," என்றார். நான் சொன்னதில் அவர் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான்.

கடையை விட்டு வந்து வீதியைக் கடந்தோம். எங்கள் தலைமுறைக்காரர் பெண்சாதியின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியில் நடப்பதில்லை. ஆனால் காலி வீதியைக் கடக்கும்போது மட்டும், கல்யாணமான புதிதிலிருந்தே, அவர் என் கையைப் பிடிப்பார். மறுகரை வந்ததும் விட்டுவிடுவார். அன்றைக்கும் பிடித்தார். எவ்வளவோ நாளாக அவர் என் கையைப் பிடிக்காமல் மணிக்கட்டைத்தான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

பனங்கட்டி நின்றது. மெய்யாகவே நின்றது. யார்டுப் பையன்கள் கேட்டார்களாம், கடை பூட்டியாச்சு என்று சொன்னாராம். காலையில் வேலைக்குப் போகுமுன் சாப்பாட்டு மேசையில் கையைக் கவிழ்த்து வைப்பார். விரல்கள் மேசையில் படியாமல் கூடாரம் போல நிற்கும். நான் என் உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெதுவாக அழுத்துவேன். டொக்டர் சொல்லித்தந்த பயிற்சிதான். "இன்னும், இன்னும்," என்பார். வலி வந்தால் வாயைத் திறக்க மாட்டார், காது மட்டும் சிவக்கும். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு நேரம் கைமேல் கை வைத்து நாங்கள் இருந்ததே இல்லை. தேநீர் ஆறிப்போகும். கோயில் மணி கேட்கும், கடற்கரையோரம் ரயில் போகும். அந்தக் காலைகளுக்காக அந்த நோய்க்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று இப்போது யோசித்தால் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அடுத்த பரிசோதனையில் இரத்தம் நன்றாக வந்தது. இயந்திரத்தில் இலக்கத்தைக் கண்டதும், பக்கத்து மேசைக்காரி திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். வேலை முடிந்து வீட்டுப் படியேறும்போதே "பாஸ்!" என்றேன். அவர் கதிரையை விட்டு எழுந்து நின்று கும்பிட்டார். அதே தேசிக்காய் இடைவெளி.

"இரத்தம் பாஸ் எண்டா, கை ஏன் பெயில்?"

சிவப்பணுக்கள் சில மாதத்தில் செத்துப் புதியவை பிறக்கும். பழைய சீனி பழைய அணுவோடு போய்விடும். இரத்தம் மன்னிக்கும். விரல் நார்களோ பல வருடம் மாறாமல் அதே நாராகவே இருப்பவை. அவற்றுக்கு மறக்கத் தெரியாது. இதை அவருக்குச் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார். அன்றைக்குப் பார்த்து அவருடைய தமையனார் வந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்," என்றார். மூத்தவர் என்ற மரியாதைக்காக நான் குசினிக்குள் போய்விட்டேன். அங்கே ஒரு சட்டியை உடைத்தேன். கை தவறி விழுந்தது என்று சொன்னேன்.

கல்யாணம் வந்தது. கை சேரவில்லை. அதற்காக அவர் அடங்கி இருப்பாரா? மண்டப வாசலில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு நின்ற பெண் பிள்ளைகளிடமிருந்து பன்னீர்ச் செம்பைப் பிடுங்கிக்கொண்டார். கையில் செம்பு இருக்கிறவன் கும்பிடத் தேவையில்லை. வந்தவர்களுக்கெல்லாம் மழை. ஒரு மாமி மூக்குக் கண்ணாடி நனைந்து கத்தினார். நான் தூரத்தில் நின்று சிரித்தேன், கண்ணும் கலங்கியது. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மட்டும் அவர் செம்பைக் கீழே வைத்தார். சம்பந்திக்கு நேரே நின்று கைகளைக் கூப்பினார். மேளக்காரர் உட்பட எல்லாரும் பார்க்கும்படி அந்த இடைவெளி தெரிந்தது.

"குறை நினையாதேங்கோ, சம்பந்தி," என்றார். "இதுக்குள்ள பிள்ளையாரை வைச்சிருக்கிறன். இறுக்கினால் அவருக்கு மூச்சு முட்டும்."

சம்பந்தி அந்தக் கைகள் இரண்டையும் சேர்த்துத் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். தாரை வார்க்கும்போது மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்ததும் அந்த வளைந்த விரல்கள்தான். நான் தண்ணீர் ஊற்றினேன். அவருடைய காது சிவந்திருந்தது.

கல்யாணம் முடிந்த பிறகும் அவர் பயிற்சியை விடவில்லை. இனி என்னத்துக்கு என்று கேட்டேன். "தேடுறாங்கள்தானே. மருந்து வரேக்க கை ரெடியா இருக்க வேணும்," என்றார். பிறகு ஒரு நாள் மத்தியானம் என் தொலைபேசிக்கு ஒருகொடவத்தையிலிருந்து அழைப்பு வந்தது.

"நோனா, மஹத்தயாட்ட டிக்கக் அமாருய்," என்றது ஒரு பையனின் குரல். ஐயாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை. அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. லொறிக்குக் காத்துக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவர், அப்படியே சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதயம். டொக்டர் பயந்த இரத்தக் குழாய்கள். அவையும் நார்தான், அவற்றுக்கும் மறக்கத் தெரியாது. எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்திருந்து என்ன பிரயோசனம்? நாங்கள் இருவரும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உடலைப் பதப்படுத்தி வைக்கும் மலர்ச்சாலைக்குக் கொண்டு போனார்கள். நானும் மகளும் வேட்டியும் சால்வையும் எடுத்துக்கொண்டு போனோம். போர்மலின் மணம் வாசலிலேயே வந்தது. எனக்குப் பழக்கமான மணம்தான். அதுவும் புரதங்களை ஒன்றோடொன்று கட்டிவிடுகிற சாமான். சீனி இத்தனை வருடமாக அவருடைய விரல்களில் செய்ததை, அது ஒரு பின்னேரத்துக்குள் அவர் உடம்பு முழுக்கச் செய்து முடித்திருந்தது. மகளிடம் இதைச் சொல்லவில்லை.

அங்கே வேலை செய்கிறவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, கும்பிட்ட மாதிரி கையை வைக்கச் சொல்லிப் பெரியய்யா சொன்னாரு. சேருதில்ல. நூல் போட்டு இறுக்கிக் கட்டவா?"

தமையனார் பின்னால் நின்றார். "கட்டச் சொல்லும். நாளைக்குச் சனம் வரப்போகுது. அரைகுறையாக் கிடந்தால் ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"சொல்லட்டும், அத்தான்," என்றேன். "அவர் உயிரோட இருக்கேக்க கும்பிட்ட மாதிரியே போகட்டும். என்ர மனுசன்ர கையில ஒருத்தரும் நூல் போடக் கூடாது."

அத்தான் சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்கும் அது தம்பிதானே.

நான் கிட்டப் போனேன். கைகள் நெஞ்சின்மேல் இருந்தன, நுனிகள் மட்டும் தொட்டபடி. மேசையில் காலையில் வைப்பது போல என் கையை எடுத்து, அந்த இடைவெளிக்குள் நுழைத்தேன். சரியாகப் பொருந்தியது. இரண்டு பக்கமும் குளிர். மகள் வந்து என் தோளைத் தொட்டாள். கையை வெளியே எடுத்தேன்.

அடுத்த நாள் சம்பந்தி வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வெகு நேரம் அந்தக் கைகளைப் பார்த்தார். "பிள்ளையார் இருக்கிறாரோ?" என்று குனிந்து கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

இப்போது காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு தேநீர்க் கோப்பைதான். சீனிப் போத்தல் திரும்பவும் குசினிக்கு வரலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. நான் வாங்குவதில்லை. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் யாராவது பனங்கட்டி நல்லதுதானே என்று கேட்டால், கதிரையில் இருக்கச் சொல்லி, கும்பிடச் சொல்லிப் பார்க்கிறேன். சிலர் என்னை விசரி, பைத்தியம், என்று நினைக்கிறார்கள். ஒட்டியதை அவிழ்க்கும் மருந்து வந்ததா என்று இன்னும் தொலைபேசியில் தேடுகிறேன். அது யாருக்கு என்று என்னிடம் கேட்காதீர்கள்.

பிறகு சுவாமித் தட்டுக்கு முன்னால் போய் நிற்கிறேன். இப்போதெல்லாம் கண்ணை மூடுவதில்லை. கைகளைக் கூப்புகிறேன். என் கைகளுக்கு ஒரு குறையும் இல்லை. விரலோடு விரல், உள்ளங்கையோடு உள்ளங்கை, ஒரு கடதாசிகூட நுழையாதபடி அப்படியே சேர்ந்துவிடுகின்றன. நடுவில் ஒருவருக்கும் இடமில்லை.